இடது காலுக்கு ஒரு பிரேக்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருந்த என் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் ஆறு வருஷமாக ஒரு வண்டி நின்றது. வந்தவாசிப் பக்கம் ஒரு அரிசி மில்லில் கழித்துப் போட்ட பழைய இங்கிலீஷ் கார் அது. மேல்கூடு முழுக்கத் துரு. அடிச் சட்டம் மட்டும் இரும்புன்னா இரும்பு, நேற்று வார்த்ததுபோல இருந்தது. எழுபத்தைந்தில் அதை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். மிலிட்டரி ஏலத்தில் போன ஒரு ஜீப்பின் இன்ஜினைத் தேடிப்பிடித்து உட்கார வைத்தேன். பக்கத்துக் கடை வெல்டிங் இருசப்பன் தகடு வளைத்துக் கொடுத்தான். கூரை கிடையாது, கதவு கிடையாது. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் உயர்ந்து, பாய்கிற ஆடு மாதிரி இருக்கும். ஊரில் அதற்கு மொட்டை வண்டி என்று பேர்.

என் பேர் வேணு. பஸ், லாரி, டிராக்டர் என்று எது வந்தாலும் பார்ப்பேன். அது பிழைப்பு. மொட்டை வண்டி எனக்காக. வேலூர் எக்ஸ்பிரஸ் பஸ்ஸை ஒரு நாளாவது போளூருக்கு முன்னால் முந்திப் போகவேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறு பெரிய ஆசையெல்லாம் எனக்கு இருந்ததில்லை.

எண்பத்தொன்றில் வண்டி முடிகிற நிலைக்கு வந்துவிட்டது. பெடல் மட்டும் பாக்கி. அதில்தான் எனக்கு மனசு ஒரு பக்கம் நிற்கவில்லை. ஜீப்பில் இருப்பது தரைப் பெடல். தரையில் ஓட்டை போட்டு, அடிச் சட்டத்தில் அச்சு வைத்து, கீழேயிருந்து மேலே வரும். பிரேக் ஆயில் நிற்கிற மாஸ்டர் சிலிண்டரும் தரைக்குக் கீழே போய்விடும். சேறு அடிக்கும், ஆயில் ஊற்றவே குப்புறப் படுக்கணும். ஹெரால்டு காரில் இருப்பது தொங்குகிற பெடல். இன்ஜினுக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற தகட்டிலிருந்து கீழே தொங்கும். தரை சுத்தமாக இருக்கும். ஆயிலை மேலேயே ஊற்றிக்கொள்ளலாம். பார்க்க அழகு. மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு பஸ் ஏறிப் போய், பழைய சாமான் கடைகளில் ஒரு பகல் முழுக்க அலைந்து, தொங்குகிற பெடல் ஒரு செட் வாங்கி வந்துவிட்டேன். ஆனாலும் மாட்டாமல் நாள் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நர்சம்மா வந்தார்.

கீழ்பென்னாத்தூர் சர்க்கார் நர்ஸ் பாஞ்சாலை நர்சம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் என் பிள்ளைகளிலிருந்து தொடங்கவேண்டும். எழுபத்தொன்பது ஐப்பசியில் என் மனைவி கஸ்தூரி பிரசவத்துக்குக் கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். காலையில் ஆண் குழந்தை பிறந்தது. கூட இருந்த பெண்கள் எல்லாம் முடிந்ததென்று வெந்நீர் வைக்கப் போய்விட்டார்கள். கஸ்தூரி மட்டும், “இன்னும் உள்ள ஒண்ணு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெற்ற வலியில் உளறுகிறாள் என்றார்கள். எனக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் அவள் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நர்சம்மாவைத் தேடிப் போனேன்.

அவர் இரண்டு மைல் தள்ளி ஒரு காலனியில் ஊசி போட்டுவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தார். பஸ் போய்விட்டிருந்தது. நர்சம்மாவுக்கு வலது கால் மடங்காது. முந்தின வருஷம் பஸ் படியிலிருந்து விழுந்து, முட்டி நொறுங்கி, கட்டு பிரித்தபோது கால் கம்பு மாதிரி நின்றுவிட்டது. பாதத்தில் பலமும் இல்லை. அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் பதினோரு ஊரைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சைக்கிள் கேரியரில் பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, “மிதிங்க தம்பி” என்றார். வழியெல்லாம் அந்தக் கால் வரப்பிலும் வேலியிலும் இடித்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்குள் போய் கஸ்தூரியின் வயிற்றில் கை வைத்தார். “நீ சொல்றதுதாம்மா சரி” என்றார். இரண்டாவது குழந்தை பெண். கால் முன்னால் வந்தது. எப்படி எடுத்தாரோ, எடுத்தார். வெளியே வந்து கை கழுவும்போது என்னிடம் சொன்னார்: “பத்து நிமிஷம் கழிச்சு வந்திருந்தேன்னா என் கையில ஒண்ணும் இல்ல தம்பி. நடந்தே வந்திருந்தா அவ்ளோதான்.”

அந்த நர்சம்மாதான் எண்பத்தொன்று ஆடியில், திருவண்ணாமலையில் மாதக் கூட்டம் முடிந்து, பிள்ளைகளைப் பார்க்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். வீடு பின்னாலேயே இருந்தது. கஸ்தூரி மோர் கொடுத்தாள். இரட்டைக் குழந்தைகள் மொட்டை வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைச் சண்டைபோட்டுத் திருப்பிக்கொண்டிருந்தன. நர்சம்மா வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

“பெடல் எங்க தம்பி?”

“இன்னும் வைக்கல நர்சம்மா.”

“அப்போ எங்க வேணும்னாலும் வைக்கலாமா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“மெட்ராஸ்ல ரெண்டு கம்பெனில கேட்டுட்டேன்” என்றார். “இருக்கிற காருங்கள்ல வலது காலு இல்லாம ஓட்ட முடியாதுன்னுட்டாங்க. மாத்தித் தரவும் ஆளில்ல. என் இடது காலு நல்லா இருக்குது. ஒரு காலுக்கு ஏத்த வண்டி ஒண்ணு கட்ட முடியுமான்னு கேக்கறேன். இதைத்தான்னு இல்ல. இதுமாதிரி.”

இதுமாதிரி இன்னொன்று கட்ட எனக்கு இன்னும் ஆறு வருஷம் ஆகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி மோர் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது நானே கஸ்தூரியிடம், “இன்னா பண்லாம்?” என்றேன்.

“அது உங்க வண்டி. நான் இன்னா சொல்றது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க அதை ஓட்டினா வேலூருக்குப் போவீங்க. அவங்க ஓட்டினா எங்கெங்க போவாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன்” என்றாள்.

நான் கீழ்பென்னாத்தூருக்குப் போய் நர்சம்மாவிடம் சரி என்றேன். சும்மா வாங்கமாட்டேன் என்றார். விலை பேசி முடித்தோம். திரும்பி வரும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பஸ் ஊரை நெருங்கி மலை தெரிந்தபோது, அந்த வருத்தத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. வாங்கின நன்மைக்குத் திருப்பிச் செய்ய ஒரு வழி கிடைப்பது எல்லாருக்கும் அமைவதில்லை. எனக்கு அமைந்தது.

வேலையை ஆரம்பித்தோம். ஆக்சிலேட்டர் இடது ஓரத்தில். அதற்கு வலது பக்கம் பிரேக். இரண்டும் இடது காலுக்கு. கிளட்சுக்குக் கால் மிச்சமில்லை. அதனால் கியர் கம்பியை ஒட்டி, கையால் இழுக்கிற மாதிரி ஒரு நீளக் கம்பி வைத்தோம். நீளம் ஜாஸ்தியாக இருந்தால் கைக்குப் பாரம் கம்மி. மடங்காத வலது கால் நீட்டிக்கொள்ள ஓரத்தில் ஒரு பள்ளம், அது தப்பித் தவறி பிரேக் பக்கம் சரியாமலிருக்க நடுவில் ஒரு தடுப்புத் தகடு. இதையெல்லாம் நானும் இருசப்பனும் சேர்ந்து யோசித்தோம். பிரேக்குக்கு மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை. புதுப்பேட்டையில் வாங்கிய தொங்குகிற பெடலை மாட்டினேன்.

“தகடு மெலிசா இருக்கே வேணு” என்றான் இருசப்பன். “பின்னால கனமா ஒரு பட்டை வெச்சுக்கோ. பக்கச் சட்டம் வரைக்கும் இழுத்துக் கட்டு.”

“பட்டை தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்டா” என்றேன். சின்னதாக ஒரு தகடு மட்டும் உள்பக்கம் வைத்து நாலு போல்ட் முடுக்கினேன்.

பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் காற்று எடுத்து, மலை சுற்றுகிற ரோட்டுக்குக் கொண்டுபோனேன். அப்போதெல்லாம் பௌர்ணமி தவிர மற்ற நாளில் அந்த ரோட்டில் மாடும் மரமும்தான். என் வலது காலைப் பள்ளத்தில் நீட்டிக்கொண்டு இடது காலால் ஓட்டிப் பார்த்தேன். முப்பது மைல் வேகத்தில் மிதித்தால் கோடு கிழித்த மாதிரி நின்றது. எனக்கு அவ்வளவு பெருமை.

நர்சம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பழகினார். அடி அண்ணாமலைக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டவெளி இருந்தது. அங்கே நான் வண்டியோடு கூடவே ஓடிச் சொல்லிக்கொடுத்தேன். நாலு வாரத்தில் கியர் போடக் கற்றுக்கொண்டார். கை அவருக்கு நன்றாக வந்தது. ஐந்தாவது வாரம், நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, இந்த பிரேக் எனக்கு வேணாம்.”

“ஏன், நிக்கலையா?”

“நிக்குது. ஆனா மிதிக்கறப்போ நான் சீட்ல நிக்கமாட்டேங்கறேன். இது மேலேர்ந்து தொங்குது. தொடையோட காலைத் தூக்கி வெச்சு மிதிக்கணும். உங்களுக்கு வலது காலு ஊனிக்கும். எனக்கு அது ஊனாது. ஓங்கி மிதிச்சேன்னா உடம்பு திரும்பிப் போவுது. ஸ்டியரிங்கைப் புடிச்சுத் தொங்கறேன்.”

“பழகிடும் நர்சம்மா. நானும் காலை நீட்டி வெச்சுத்தான் ஓட்டிப் பாத்தேன்.”

“நீங்க நீட்டி வெச்சீங்க. ஆனா அது உங்க காலு. தேவைப்பட்டா அழுத்திக்கும். உங்களுக்கே தெரியாம அழுத்தியிருக்கும்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதைக் கழற்றினால் தரையை வெட்டவேண்டும், குழாய் எல்லாம் புதுசாக வளைக்கவேண்டும், பட்ட பாடெல்லாம் வீண். “எத்தனை வண்டிக்கு பிரேக் பாத்திருக்கேன். கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, பழகிடும்” என்று மறுபடியும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்தே போய்விட்டது.

நர்சம்மா குரலை உயர்த்தவில்லை. “உங்க வீட்டம்மா அன்னிக்கு இன்னொண்ணு இருக்குன்னப்போ, எல்லாரும் சரியாப் பூடும்னுதான் சொன்னாங்க. நான் பெரிய வைத்தியம் ஒண்ணும் பண்ணல தம்பி. அவ சொன்னதை நம்பினேன். உடம்பு யாருதோ அவங்களுக்குத்தான் தெரியும்” என்றார்.

வண்டியைத் தள்ளாத குறையாக ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை, இன்னும் கடுப்பு அடங்காமலேயே பெடலைக் கழற்றினேன்.

மூன்றாவது போல்ட்டைக் கழற்றும்போது தகடு ஆடியது. உள்பக்கம் வைத்திருந்த துண்டுத் தகட்டை எடுத்துவிட்டு, அது மறைத்திருந்த நடுத் தகட்டைப் பார்த்தேன். மேல் இரண்டு ஓட்டைகளையும் சேர்த்து முடி மாதிரி ஒரு கோடு. பெயின்ட் வெடிப்பு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். நகம் உள்ளே போயிற்று. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் அந்தத் தகடு டின் மூடி மாதிரி உள்ளே போய் வெளியே வந்திருக்கிறது. ஐந்து வாரத்தில் கிழிந்துகொண்டு வந்திருக்கிறது. இன்னும் பத்து நாள், இருபது நாள். அவசரத்துக்கு ஓங்கி ஒரு மிதி மிதித்தால், பெடல் தகட்டோடு பிய்ந்து கால்மேல் விழுந்திருக்கும்.

இருசப்பன் வந்து பார்த்தான். அப்போதே சொன்னேனே என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பீடியை அணைத்துவிட்டு, “அவங்க வாயில நல்ல வார்த்தை வந்துச்சு வேணு” என்றான். அவ்வளவுதான்.

நர்சம்மாவிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். எப்படியும் அந்தப் பெடல் வேண்டாம் என்றாகிவிட்டது. அவர் சொன்னதுக்காக மாற்றினேன் என்றால் எனக்கும் மரியாதையாக இருக்கும். கஸ்தூரியிடம் கேட்டேன். “அவங்ககிட்ட போயி அப்படிச் சொல்லிட்டு வந்து உங்களால சாப்பிட முடியுமா?” என்றாள். அன்றைக்கே அந்தத் தகட்டை வெட்டியெடுத்து, பேப்பரில் சுற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன்.

நர்சம்மா தகட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரிசல் வழியே வெயில் தெரிந்தது.

“தப்பு என்னுது நர்சம்மா. இருசப்பன் சொன்னான், கேக்கல. நீங்க வேணாம்னு சொல்லாம மரியாதைக்குச் சும்மா இருந்திருந்தா…”

அவர் தகட்டை மறுபடி பேப்பரில் சுற்றினார். பிறகு, “இதைக் கொண்டாந்து காட்டினீங்க பாருங்க. இனிமே உங்க வண்டில நான் பயமில்லாம உக்காருவேன்” என்றார்.

வசவு வாங்கத் தயாராகப் போனவன் நான். அந்த வார்த்தையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்தத் தடவை முதலில் அவரை உட்கார வைத்தோம். சீட்டை அவர் முதுகுக்கு ஏற்ற மாதிரி நகர்த்தி முடுக்கினோம். பெடல் இல்லாத வெறும் தரையில், குதிகாலை எங்கே வைத்தால் சுகமாக இருக்கிறது என்று அவரே வைத்துக் காட்டினார். கஸ்தூரி கோலமாவுக் கட்டியால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். மரக்கட்டையில் ஒரு பொய்ப் பெடல் செய்து, அரை அங்குலம் அப்படி, கால் அங்குலம் இப்படி என்று நகர்த்தி, அவர் “இங்க” என்று சொன்ன இடத்தில் தரையை வெட்டினோம்.

தரைப் பெடல்தான். ஜீப்பினுடையது. தண்டை வெட்டிக் குட்டையாக்கினால் மிதிக்கப் பாரம் ஜாஸ்தியாகும் என்பதால், நீளத்தைக் குறைக்காமல் வளைவை மட்டும் மாற்றினோம். குதிகால் தரையில் ஊனியிருக்க, முன்பாதம் மட்டும் பெடலில் விழும். அச்சைத் தகட்டில் வைக்கவில்லை. அடிச் சட்டத்தின் குறுக்குக் கம்பியிலேயே, கால் அங்குல இரும்பில் தாங்கி செய்து, இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்து மாட்டினோம். மாஸ்டர் சிலிண்டருக்கும் அதே தாங்கி. சேறு படாமல் கீழே ஒரு மூடி, ஆயில் ஊற்றத் தரையில் ஒரு சின்னக் கதவு. சீட்டின் இடது பக்கம் இடுப்பை அணைக்க ஒரு மெத்தையும் வைத்தோம். அது நர்சம்மா கேட்டது.

முடித்ததும் நானும் இருசப்பனும் சீட்டில் முதுகை அழுத்தி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மாற்றி மாற்றி நூறு தடவை மிதித்தோம். ஒவ்வொரு பத்துக்கும் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை வெட்டவெளியில் நர்சம்மா ஓங்கி மிதித்தார். வண்டி நின்றது. அவரும் இருந்த இடத்தில் இருந்தார். திரும்பிப் பார்த்து, “இப்போ சரி” என்றார். என் வேலைக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டு வார்த்தைக்கு ஈடாக எதுவும் எனக்கு நினைவில்லை.

எண்பத்திரண்டு தையில் வண்டியைப் பார்க்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். கூரையில்லாத வண்டியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். உள்ளே குனிந்து பார்த்து, படுத்துப் பார்த்து, அச்சையும் தாங்கியையும் சுத்தியால் தட்டினார். பிறகு மைதானத்தில் நடுவில் போய் நின்றுகொண்டு, “என்னைப் பாத்து ஓட்டிட்டு வாங்கம்மா. கையைத் தூக்கினா நிறுத்துங்க” என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி அவருக்கு எட்டடி முன்னால் நின்றிருந்தது. அவர் கை இன்னும் மேலேயே இருந்தது. கூரை மட்டும் போட்டுவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். துணிக் கூரை ஒன்று போட்டோம்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்கு, எங்களையெல்லாம் மலை சுற்றி ஒரு நடை கூட்டிப்போகிறேன் என்றார் நர்சம்மா. கஸ்தூரியும் பிள்ளைகளும் பின்னால். நான் அவருக்குப் பக்கத்தில். ஆறு வருஷம் அந்த வண்டியைக் கட்டியவன், அந்தப் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கே பெடல் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு வளைவுக்கும் என் வலது கால் வெறும் தரையை மிதித்தது. எதிரே மாட்டு வண்டி வந்தால் மிதித்தது. கோழி ஓடினால் மிதித்தது. நர்சம்மா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

ஒரு இடத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. மெதுவாக மிதித்து நிறுத்தினார். குலுங்கவே இல்லை. கடைசி ஆடு தாண்டும்வரை காத்திருந்தோம். வலது பக்கம் மலை, வெயில் பட்டுச் சிவப்பாக இருந்தது.

“இந்த வாரம் ரெண்டு பிரசவம் இருக்குது” என்றார் நர்சம்மா, ஆடுகளைப் பார்த்துக்கொண்டே. “ஒண்ணு ஏரிக்கு அந்தாண்ட. அங்க பஸ்ஸே போவாது.”

“ரோடு எப்படி?”

“ரோடு எங்க இருக்குது. வண்டிப் பாதைதான். இந்த வண்டி போவும் இல்ல?”

“போவும்” என்றேன்.

கிளட்ச் கம்பியை இழுத்து, கியர் போட்டு, வண்டியை எடுத்தார். பின்னால் பிள்ளைகள் இரண்டும் ஏதோ பாட்டு மாதிரி கத்திக்கொண்டு வந்தன. கஸ்தூரி அவர்களை அடக்கவில்லை. நர்சம்மாவுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். எதற்கு முதலில் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன். அடி அண்ணாமலை தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன், என் கால் தரையை மிதிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது.